கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு எதையும் தனியாகச் செய்யத் தெரியாது. பல் வலித்தால் ஒரு கூட்டம். பூனை காணாமல் போனால் ஒரு கூட்டம். குழந்தை தும்மினால் முதலில் மூக்கையா துடைக்கிறார்கள்? படம் பிடிக்கிறார்கள். முகம் தெரியாத நாற்பது பேருக்கு அனுப்பி, "இது சாதாரணத் தும்மல்தானா?" என்று கேட்கிறார்கள். அந்த நாற்பது பேரும் வேலைவெட்டியைப் போட்டுவிட்டுப் பதில் சொல்கிறார்கள்.

நான் நாற்பத்தோரு வருஷம் கதவு செய்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு கதவு ஏன் சாத்தவில்லை என்று எவனையும் போய்க் கேட்டதில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து நானே பார்ப்பேன்.

அது இருக்கட்டும். சனிக்கிழமைக்கு வருகிறேன்.

என் பேத்திக்கு ஏழு மாதம். வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுகிறோம். ஆனால் தலை பட்டாணி மாதிரி உருண்டையாக இல்லை, அதுதான் வினை. பின்மண்டையில் வலது பக்கம் தட்டையாகிவிட்டது. குளிப்பாட்டும்போது மேலிருந்து பார்த்த என் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு காது முன்னால், ஒரு காது பின்னால்.

குழந்தை எப்போதும் வலது பக்கமே திரும்பிக் கிடக்கிறது, இடது பக்கம் கழுத்தைத் திருப்ப மாட்டேன் என்கிறது, அதனால்தான் என்று சொன்னார்கள். பிசியோ மேடம் ஒருத்தி ஆறு வாரம் தவணை கொடுத்தாள். தூங்க வைப்பது மல்லாக்கத்தான். ஆனால் கட்டிலில் தலைமாட்டையும் கால்மாட்டையும் தினம் மாற்றிப் போட வேண்டும். முழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்ட வேண்டும். ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால், மண்டையை உருண்டையாக்கத் தலைக்கு ஹெல்மெட்.

அதோடு போயிற்றா? ஏழு மாதமாகியும் பட்டாணி ஒரு தடவைகூடப் புரளவில்லை. "இன்னும் புரளலையா?" என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டாராம். தலையைவிட அந்த இரண்டாவது தடவைதான் என் மகளை ஆட்டிவிட்டது.

மருமகன் ஹெல்மெட் போடலாம் என்றார். மகள் கூடாது என்றாள். போன வாரம் உங்களிடம் கதையை நான் விட்ட இடம் அதுதான். மூன்று நாளாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரே சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு, போனில் இருக்கிற அந்தப் பெற்றோர் கூட்டத்திடம் ஆளுக்கொரு பக்கமாக நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அளவெடுப்பு. நான் காலையிலேயே வழக்கமான பச்சைக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"அப்பா, நீங்களுமா?"

"பின்ன? அளக்கறவங்க ஒழுங்கா அளக்கறாங்களான்னு யாரு பாக்கறது?"

"மாமா, அவங்க படிச்சவங்க" என்றார் மருமகன்.

"படிச்சவங்க கட்டின சுவத்துக்குத்தான் மாப்பிள்ளை, நான் ஒரே கதவை நாலு தடவை சீவினேன்."

மகள் சிரித்துவிட்டாள். புருஷன் பார்க்கிறாரே என்று சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாவது மாடியில் ஒரு நீளமான அறை. தரையெல்லாம் நீல மெத்தை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. போனில் இருந்த கூட்டம் சனிக்கிழமைகளில் அங்கேதான் நேரில் கூடுகிறது. எட்டு ஒன்பது குழந்தைகள், அவற்றின் அப்பா அம்மாக்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் சொந்தக்காரர்கள் மாதிரிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காரணமில்லாமல் சிரிக்கிறவனிடம் நான் மரம்கூட வாங்கியதில்லை.

ஒரு தையல்காரம்மா மடியில் எட்டு மாதப் பையன் இருந்தான். தலையில் சிவப்பு ஹெல்மெட். அதில் கறுப்புப் புள்ளி வைத்து ஒரு வண்டு மாதிரி ஆக்கியிருந்தாள். என் மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொட்டுப் பாரும்மா" என்றாள் தையல்காரம்மா. "கடிக்காது."

"அழமாட்டானா?"

"மொத ரெண்டு நாள் நான்தான் அழுதேன். இவன் பாட்டுக்கு விளையாடிக்கிட்டு இருந்தான். வேர்க்கும், நாத்தம் அடிக்கும், தினம் தொடைக்கணும். கடைவீதியில நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. அவ்வளவுதான்."

"எனக்கு அந்த நாலு பேரை நெனச்சாத்தான் பயம்."

"அதுக்குத்தானே வண்டு போட்டேன்? இப்ப அவங்க வண்டைப் பாக்கறாங்க."

பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர். தடித்த ஆள், தடித்த குரல். அவருடைய பையன் ஹெல்மெட்டெல்லாம் போட்டு முடித்து, மெத்தையின் மேல் ஊரைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருந்தான். "கவலைப்படாதம்மா. நான் இதே எடத்துல நின்னு, வண்டியை எடுத்துட்டு ஓடிடலாமான்னு யோசிச்சவன்" என்றார். என் மகள் தோள் கொஞ்சம் இறங்கியது. அதை நான் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. பெற்ற அப்பன் மூன்று நாளாக எவ்வளவு சொல்லியும் இறங்காத தோள்.

பிசியோ மேடம் வந்தாள். சின்னப் பெண். கையில் காலிப்பர், இரண்டு காலால் கவ்வி அளக்கிற கருவி. தலையைக் குறுக்காக ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்தாள். அப்புறம் மற்ற இரண்டு மூலைக்கும் அளந்தாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதவு நிலையை நாங்களும் இப்படித்தான் அளப்போம். மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் நிலை சதுரம். வராவிட்டால் கோணல். இதை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"நூத்தி நாப்பத்திநாலு. நூத்தி முப்பது" என்றாள். "பதினாலு மில்லி வித்தியாசம்."

"போன தடவை?" என்றார் மருமகன்.

"பதினாலு."

"ஒரு மில்லிகூடவா குறையல?"

"திரும்ப அளங்க" என்றேன் நான்.

அளந்தாள். பதினாலு. "இன்னொரு தடவை." முகம் சுளிக்காமல் அளந்தாள். பதினாலு. அந்தப் பெண்ணுக்குக் கை ஆடவே இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சொன்னதெல்லாம் செஞ்சீங்களா?" என்று மகளைக் கேட்டாள்.

"ஒரு நாள் விடல மேடம்! தலைமாடு கால்மாடு மாத்திப் போட்டேன். குப்புறப் போட்டேன். தினம் வீடியோ எடுத்து குரூப்ல போட்டேன், நாப்பத்திரண்டு நாளும்..."

"அவ ஒரு நாள்கூட விடல" என்றார் மருமகன். "வேலைக்குப் போக லேட்டானாலும் செஞ்சா. நான் சாட்சி."

மூன்று நாளுக்கு அப்புறம் அவர் அவளுக்காகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார்.

பிசியோ மேடம் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சுற்றி வளைக்கவில்லை. "ஆறு வாரமா மாறலைன்னா ஹெல்மெட் யோசிக்கணும். அளவெடுக்கறவர் பன்னெண்டு மணிக்கு வருவார். அதோட கழுத்து இப்படியே இருக்கு, புரளவும் இல்ல. குழந்தை வளர்ச்சி பாக்கற டாக்டர்கிட்டயும் எழுதித் தரேன். பயப்படறதுக்கு இல்ல. பாத்துடலாம்னுதான்."

பயப்படுவதற்கு இல்லை என்று யாராவது சொன்னால்தான் பயமே வரும்.

மணி பதினொன்று இருபது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். அந்தக் கூட்டம் என் மகளையும் மருமகனையும் சுற்றி உட்கார்ந்துகொண்டது. ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி பட்டாணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் டிரைவர் போனை எடுத்து அந்த நாற்பத்திரண்டு வீடியோவையும் ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தார். சும்மா இருக்க முடியாத ஆள்.

"கொஞ்சம் இருங்க" என்றார் திடீரென்று.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"இதுல ஒரு சட்டைக் கை தெரியுது பாருங்க. குழந்தைக்கு வலது பக்கம்."

"யாராவது நின்னுருப்பாங்க" என்றாள் மகள்.

"அடுத்ததுலயும் இருக்கு. இதுலயும்! ஏம்மா, நான் இருவது வருஷமா ரெண்டு பக்கக் கண்ணாடியையும் பாத்துப் பாத்தே ஓட்டறவன். எந்தப் பக்கம் எது வருதுன்னு எனக்குத் தப்பாது. எல்லா வீடியோலயும் வலது பக்கம் ஒரு பச்சைக் கட்டம் போட்ட சட்டை."

தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "சத்தத்தைக் கூட்டுங்க. டக் டக்குன்னு என்னமோ கேக்குது."

கூட்டினார். டக். டக். டக்.

அறையில் இருந்த அத்தனை பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன், பச்சைக் கட்டம் போட்ட சட்டையில். கையில் என் மடக்கு அளவுகோல். யோசனை வந்தால் அதை மடக்கி மடக்கி விரிப்பது என் பழக்கம். டக் என்றது.

"அப்பா" என்றாள் மகள். "நீங்க எங்க உக்காருவீங்க?"

"என் வீட்டுல நான் எங்க வேணா உக்காருவேன்."

"தலைமாட்டை மாத்திப் போட்டா வலது பக்கம் சுவர் வரும். அங்க எப்படி உக்காருவீங்க?"

"கட்டிலை ஒரு முக்காலி அளவு இழுத்துட்டு நடுவுல உக்காருவேன். சக்கரம் வெச்ச கட்டில்தானே?"

"தினமுமா?"

"தினமும்தான், நீ இருக்கும்போதும்தான். நீ வேலைக்குப் போனப்புறம் குழந்தையை யாரு பாக்கறது? அது கழுத்தைத் திருப்பத் திணறுது. பாக்க முடியல. எந்தப் பக்கம் சுலபமாத் திரும்புதோ அந்தப் பக்கம் போய் உக்காந்தேன். கீல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கதவைத் திறக்கணும். எதிர்ப்பக்கம் நெருக்கினா கீல் பிடுங்கிக்கும். இதுல என்ன தப்பு?"

எல்லோரும் ஒரேயடியாக வாயைத் திறந்தார்கள்.

"அது கதவா மாமா?" என்றார் மருமகன்.

"நான் தினம் அவளை மாத்திப் போடறேன்" என்றாள் மகள், ஒவ்வொரு சொல்லாக. "நீங்க தினம் அந்தப் பக்கமா மாறி உக்காந்தீங்களா? நாப்பத்திரண்டு நாளும்?"

"வீடியோவை நீதானே எடுத்த? நீ பாக்கலையா? மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை செய்யறவ!"

பாவம், அவள் எப்படிப் பார்ப்பாள்? வீட்டில் நான் பீரோ மாதிரி. நாளெல்லாம் கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படாத பொருள்.

பஸ் டிரைவர்தான் எழுந்தார். "சண்டையை வீட்டுக்குப் பத்திரமா எடுத்துட்டுப் போங்க. இப்ப மணி பதினொன்னு முப்பத்தஞ்சு. தாத்தா இடது பக்கம் உக்காரட்டும். என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம்."

"நான் ஒன்னும் வித்தை காட்ட வரல."

"அப்பா." மகள் என் முன்னால் வந்து நின்றாள். "என்னை அப்புறம் திட்டிக்கோங்க. இப்ப உக்காருங்க."

மண்டி போட்டேன். இரண்டு முட்டியும் அறை கேட்கச் சடசடத்தன. பட்டாணியை மெத்தையில் மல்லாக்கப் போட்டார்கள். நான் அவளுக்கு இடது பக்கம். அளவுகோலை விரித்தேன்.

டக்.

குழந்தை கண் பெரிதானது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது பக்கம் திரும்பினாள். அங்கே நான் இல்லை. வெறும் மெத்தை.

டக். டக்.

வலது பக்கமே இன்னும் எட்டித் தேடினாள். சிரிப்பு போய்விட்டது. உதடு பிதுங்கியது. என் கால் தானாக எழுந்தது, அந்தப் பக்கம் போய்விடலாம் என்று. பஸ் டிரைவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"எறங்காதீங்க தாத்தா. ஸ்டாப் இன்னும் வரல."

"அழப்போறாய்யா!"

"அழட்டும். ஒரு நிமிஷம்."

டக். கண் மட்டும் இடது மூலைக்கு வந்தது. திரும்பிப் போய்விட்டது. மறுபடி வந்தது. மற்றக் குழந்தைகள்கூட ஏதோ நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் அளவுகோலை முழுசாக விரித்தேன். ஆறு மடிப்பும் வரிசையாக டக் டக் டக் டக் டக் டக்!

மூக்கு நேரானது. மோவாய் நகர்ந்தது. மழைக்கு ஊதி நிலையில் சிக்கிய கதவை மெதுவாக நெம்பும்போது ஒரு இடத்தில் பட்டென்று விடுமே, அப்படி விட்டது. முழுத் தலையும் இடது பக்கம் வந்து, கன்னம் மெத்தையைத் தொட்டு, என்னை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"திரும்பிட்டா!" என்று கத்தினார் மருமகன்.

"உஷ்ஷ்!" என்றாள் பிசியோ மேடம். அவளே முட்டி போட்டுப் பக்கத்தில் வந்துவிட்டாள். "தாத்தா, நிறுத்தாதீங்க. கொஞ்சம் பின்னால போங்க."

ஒரு சாண் பின்னால் போனேன். பட்டாணிக்கு அளவுகோல் வேண்டும். வலது கை குறுக்கே வந்தது. எட்டவில்லை. கால் உதைத்தது. இடுப்பு தூக்கியது. விழுந்தது. மறுபடி தூக்கியது. ஒருக்களித்து நின்றாள், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல், கதவு காற்றில் ஊசலாடுகிற மாதிரி. யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் தையல்காரம்மா.

தொப்.

குப்புற விழுந்தாள். தலையைத் தூக்கினாள். 'யார் என்னைத் தள்ளியது?' என்று எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த அறை வெடித்தது. பஸ் டிரைவர் விசில் அடித்தார். யார் யாரோ யார் யாரையோ கட்டிக்கொண்டார்கள். மருமகன், லிப்டு ரிப்பேர் பார்க்கிறவர், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்டு கிளம்பின மாதிரி, "மேல போகுது, மேல போகுது!" என்று அர்த்தமில்லாமல் கத்திக்கொண்டு என் மகளைத் தூக்கிச் சுற்றினார். அவள் அழுதாள், சிரித்தாள், அவர் முதுகில் குத்தினாள்.

பிசியோ மேடம் கையை உயர்த்தினாள். "கழுத்து முழுசாத் திரும்புது. அப்ப இறுகிப் போகல, பழக்கம்தான். இன்னைக்கு ஹெல்மெட்டுக்கு அளவெடுக்க வேண்டாம். மூணு வாரம் தரேன். ஆனா ஏழு மாசம் ஆயிடுச்சு, இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது. மூணு வாரத்துல அளவு குறையத் தொடங்கலைன்னா ஹெல்மெட். அப்ப யாரும் முறுக்கிக்கக் கூடாது."

"மாட்டோம்" என்றார்கள் இரண்டு பேரும் சேர்ந்து. அப்புறம் என் மகள் அந்தச் சிவப்பு வண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்களுக்குப் போட வேண்டி வந்தா மஞ்சள்ல போடுவோம்."

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் இன்னும் தரையில்தான் இருந்தேன்.

அளவுகோலைப் பட்டாணியின் இடது கைக்குப் பக்கத்தில், விரல் படுகிற தூரத்தில் வைத்தேன். வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து எடுத்தாள். வாங்கி மறுபடி அங்கேயே வைத்தேன். மறுபடி வலது கை. இடது கை மூடினபடி, விருந்துக்கு வந்த ஆள் மாதிரி சும்மா இருந்தது. நாற்பத்தோரு வருஷம் கைகளைப் பார்த்துப் பிழைத்தவன் நான். வேலை செய்கிற கையும் தெரியும், செய்யாத கையும் தெரியும்.

நிமிர்ந்தேன். பிசியோ மேடமும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் ஒரு வரி எழுதினாள்.

"என்ன எழுதினீங்க?"

"மூணு வாரம் கழிச்சுப் பேசுவோம் தாத்தா. நீங்க எப்பவும் வலது பக்கம் இருந்தே குடுத்ததாலயும் இருக்கலாம். இனிமே எதைக் குடுத்தாலும் இடது கைப் பக்கமா குடுங்க."

"அதனால இல்லன்னா?"

அவள் நோட்டை மூடிவிட்டு, வளர்ச்சி டாக்டருக்கான சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். என் மகள் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடாமல், அளவுகோலை மறுபடி இடது கைப் பக்கம் நீட்டினேன்.

கிளம்பும்போது பஸ் டிரைவர் வழியை மறித்தார். "கதவுத் தாத்தா! அடுத்த சனிக்கிழமை வந்துடணும். உங்களை மாதிரி இன்னும் ரெண்டு தாத்தா இருக்காங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நான் யாருக்கும் சொல்றதில்ல. ஒரு சட்டைக் கை போய் ஒரு தலையைத் தட்டையாக்குமாய்யா? கதை விடறீங்க."

"அப்ப குழந்தை ஏன் திரும்புச்சு?"

"அதுக்கு இஷ்டம், திரும்புச்சு."

அவர் சிரித்தார். மறுபடி காரணமில்லாத சிரிப்பு. நான் படியில் இறங்கிவிட்டேன். மருமகன் ரிப்பேர் பார்த்தாலும் லிப்டை நான் நம்புவதில்லை.

தெருவில் மகள் தள்ளுவண்டியைத் தள்ளினாள். அவள் கை மேல் மருமகன் கை. ஒரு வண்டிக்கு எதற்கு நாலு கை? நான் முன்னால் நடந்தேன். ஒரு தடவை ஒழுங்காகச் சாத்தின கதவை ஒழுங்கான கதவு என்று நான் ஒப்புக்கொண்டதே கிடையாது. நூறு தடவை சாத்தட்டும். மழைக்காலம் ஒன்று போகட்டும். அப்புறம் பார்க்கலாம். அந்தக் கூட்டம் என்னடாவென்றால் ஒரு தடவைக்கே விசில் அடிக்கிறது.

"மாமா!" என்று பின்னாலிருந்து மருமகன் குரல். "உங்களையே பாக்கறா மாமா! திரும்பிப் பாருங்க!"

நான் திரும்பவில்லை. தள்ளுவண்டிக்கு இடது பக்கமாகவே, அளவுகோலை மடக்கி விரித்துக்கொண்டு நடந்தேன்.